கட்டுத்தறி சைக்கிளா, அவிழ்த்துவிட்ட சைக்கிளா?

2017-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி வாசலில் ஒரு வாடகை சைக்கிள் மூன்று நாள் படுத்துக் கிடந்தது. முதல் நாள் யாரோ நிமிர்த்தி வைத்தார்கள். இரண்டாம் நாள் அதன் கூடையில் காலிக் காப்பிக் குவளைகள் சேர்ந்தன. மூன்றாம் நாள், சக்கர நாற்காலியில் வரும் மேல்மாடிப் பாட்டி உள்ளே நுழைய வழியில்லாமல் நிற்க, துப்புரவு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அதைத் தூக்கிப் புல்தரையில் போட்டார். பகிர்வு சைக்கிள் வந்தால் நகரம் உருப்படும் என்று யார் பேசினாலும், இறங்கியபின் அதை எங்கே விடுவார்கள் என்றுதான் அன்றிலிருந்து கேட்கிறேன்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, தெருவில் இரும்புத் தூண்களை நட்டு, அங்கேயே எடுத்து அங்கேயே பூட்டும் முறை. நம் பாஷையில் கட்டுத்தறி. மற்றொன்று, கைப்பேசியால் பூட்டைத் திறந்து, இறங்கிய இடத்தில் விட்டுவிட்டுப் போகும் முறை, அவிழ்த்துவிட்ட மாடு. முதலாவதற்குப் பாரிஸின் வெலிப் நல்ல உதாரணம். இரண்டாவதற்குச் சீன நிறுவனங்களான ஓஃபோ, மொபைக்.

வெலிப் 2007 ஜூலை 15 அன்று சுமார் 10,000 சைக்கிள்களோடும் 750 நிலையங்களோடும் தொடங்கியது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு நிலையம், முதல் அரை மணி நேரம் இலவசம், வண்டி திரும்பாவிட்டால் 150 யூரோ அபராதம். நிலையங்கள் பலவும் கார் நிறுத்தும் இடங்களை எடுத்துக்கொண்டு எழுந்தவை. நடந்துபோகிறவர் இழந்தது கொஞ்சம், கார்க்காரர் இழந்தது அதிகம். என் கணக்கில் இந்த முறையின் பெரிய பலன் இதுதான்: தெருவின் இடத்தை யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை நகராட்சி முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். பின்னிரவில் மெட்ரோ நின்ற பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது.

கட்டுத்தறிக்கென்றே உரிய அவஸ்தைகளும் உண்டு. போய்ச் சேர்ந்த நிலையத்தில் ஒரு தூண்கூடக் காலியில்லை என்றால், வேலைக்குத் தாமதமாகிக்கொண்டிருக்கும் மனிதர் அடுத்த நிலையம் தேடி மிதிக்க வேண்டும். அதற்காகக் கூடுதலாக 15 நிமிடம் கொடுத்தார்கள். மேட்டுப் பகுதியிலிருந்து எல்லாரும் சுகமாகச் சரிந்து இறங்கினார்கள்; ஏற்றத்தில் திரும்ப மிதிக்க ஆளில்லை. 60 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுவருகிறவர்களுக்கும் 15 நிமிடம் வெகுமதி என்று அறிவித்துப் பார்த்தார்கள். அப்படியும் மீதியை லாரிதான் ஏற்றிச் சென்றது.

பாரிஸ்காரர்களிடம் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழுதான வண்டியை விட்டுச் செல்கிறவர் இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். அடுத்து வருபவர் தூரத்திலிருந்தே பார்த்து அந்த வண்டியைத் தவிர்க்கிறார். முகம் தெரியாத இருவருக்கிடையே இப்படி ஒரு சங்கேதம் தானாக முளைக்க, இருவரும் அதே தூண்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். இதற்காக அங்கே எல்லாரும் உத்தமர்கள் என்று எண்ண வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வண்டிகள் திருட்டுப் போயின. 2018-இல் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியபோது, புதிய நிலையங்கள் பல தயாராகாமலும் மின் இணைப்பு வராமலும் மாதக்கணக்கில் நகரமே திட்டித் தீர்த்தது. தூண் நட்ட முறையில் தூண் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

இனி அவிழ்த்துவிட்டதைப் பார்ப்போம். பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் 2014-இல் தொடங்கியது ஓஃபோ. ஆரம்பகால வண்டிகளின் பூட்டுக்கு மாறாத எண். ஒருமுறை தெரிந்துகொண்டால் அந்த வண்டி உங்களுடையது மாதிரிதான். 2016-இல் ஷாங்காயில் களமிறங்கிய மொபைக், இருப்பிடம் காட்டும் பூட்டோடு வந்தது. சுரங்க ரயில் வாசலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை இவர்கள் தீர்த்துவைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று பேரம் பேசிய உரிமமற்ற வண்டிகளுக்குப் பிழைப்பு குறைந்தது.

ஆனால் 2017 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மட்டும் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நின்றன. ஓட்டுகிறவர்களின் தேவைக்கும் அந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. முதலீட்டாளர்களின் பணமும், போட்டியாளரைவிட ஒரு வண்டியாவது கூடுதலாக இறக்கிவிட வேண்டும் என்ற வெறியும் சேர்ந்து செய்த வேலை அது. நகரங்கள் தடை போட, உபரி வண்டிகள் ஊர்ப்புற மைதானங்களில் மலையாகக் குவிந்தன. 2018 டிசம்பரில் 99, 199 யுவான் வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்டு ஓஃபோ அலுவலக வாசலில் குளிரில் மக்கள் வரிசை கட்டினார்கள். இணைய வரிசையில் காத்திருந்தவர்கள் 1 கோடிக்கும் மேல். வெலிப் நிலையத்துக்குப் பாரிஸ்காரர் கொடுத்த விலை கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே விலை என்ன என்பதே கடைசியில்தான் தெரிந்தது.

எனக்குக் கட்டுத்தறிப் பக்கம் சாய்வு என்பது இதற்குள் புரிந்திருக்கும். அந்தச் சாய்வை ஆட்டம் காணவைத்த சம்பவம் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் சீனாவின் செங்சௌ நகரத்து மாணவர்கள், சாறு நிறைந்த கொழுக்கட்டை தின்பதற்காக, இரவோடிரவாகப் பகிர்வு சைக்கிள்களில் சுமார் 50 கிலோமீட்டர் மிதித்துக் கைஃபெங் போனார்கள். முதலில் சிலர், பிறகு ஒரே இரவில் ஒரு லட்சம் பேர் என்று செய்திகள் வரும் அளவுக்குச் சாலை நிரம்பியது. கடைசியில் அதிகாரிகள் வழியை மூட, எல்லை தாண்டும் வண்டிகள் பூட்டிக்கொள்ளும் என்று நிறுவனங்கள் எச்சரித்தன. போனவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் திரும்ப, வண்டிகள் கைஃபெங் தெருக்களில் கிடந்தன. யாரோ அள்ளியிருப்பார்கள். இருந்தாலும், அரை மணிக்குள் தூணுக்குத் திரும்ப வேண்டிய சைக்கிளில் இப்படியொரு இரவு வாய்க்குமா?

ஆம்ஸ்டர்டாம் கதை வேடிக்கையானது. 1965-இல் ப்ரோவோ என்ற எதிர்ப்பு இயக்கத்தினர் வெள்ளை அடித்த சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விட்டு, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார்கள். பூட்டாத வண்டி திருட்டைத் தூண்டும் என்று போலீஸ் அள்ளிச் சென்றது. 2017-இல் நிறுவனங்கள் அதே ஊரில் வண்டிகளை அவிழ்த்துவிட, பொது இடத்தை அடைக்கின்றன என்று நகராட்சி மறுபடியும் அள்ளியது. சொந்த சைக்கிளே வீட்டுக்கு வீடு உள்ள ஊரில் இரண்டும் பெரிய இழப்பாகத் தெரிந்திருக்காது.

சிங்கப்பூர் பிடித்தது நடுவழி. தூண் நடவில்லை, தரையில் கட்டம் போட்டு, பக்கத்தில் கியூஆர் குறியீட்டுப் பலகை வைத்தார்கள். 2019 ஜனவரி முதல், நிறுத்தும்போது அதை ஸ்கேன் செய்யாவிட்டால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். நிறுவனங்களுக்கு உரிமம், வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. யோசித்தால் இதுவும் கட்டுத்தறிதான். இரும்புக்குப் பதில் சாயக்கோடு. கார் நிறுத்தும் இடத்தைப் பறிக்கத் துணிவுள்ள நகராட்சி தூணை நடட்டும். துணிவோ பணமோ இல்லாத இடத்தில் கோடாவது போடட்டும். இரண்டும் இல்லாமல் வண்டியை மட்டும் இறக்குவதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கோடு எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். எங்கள் புளோக்கின் கட்டத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு வண்டிகூட மிஞ்சுவதில்லை. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கட்டம் நிரம்பி வழிகிறது. வருகிறவர்கள் ஒழுங்காகக் குறியீட்டை ஸ்கேன் செய்கிறார்கள், கைப்பேசி சம்மதித்ததும் வண்டியைக் கோட்டுக்கு வெளியே சாய்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். லாரி வரப் பத்தரை ஆகிறது.