குறைத்த நிறையைக் காக்க ஒரு கண்ணாடி மெஷின்

வீட்டில் நிறை பார்க்கிற இந்தக் கண்ணாடி மெஷினை வாங்கலாம். மிச்சத்தை வாசிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் அடித்திருக்கிற காரணங்களில் ஒன்றுக்காகவும் இதை வாங்க வேண்டாம். உடம்புக் கொழுப்பு எத்தனை வீதம், எலும்பு எத்தனை கிலோ, உடம்பின் 'வயது' என்ன என்றெல்லாம் காட்டுமாம். எனக்கு வேண்டியது நிறை மட்டும். அதை இந்த மெஷின் ஒழுங்காகச் சொல்கிறது.

ஹட்டன் டவுனில் ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடையில் வாங்கினேன். மூவாயிரத்துச் சொச்சம் ரூபா. பெட்டியிலுள்ள பெயரை எழுதிப் பிரயோசனமில்லை. இதே கண்ணாடி, இதே நாலு கால், வேறு வேறு ஸ்டிக்கரோடு எல்லா ஊரிலும் விற்கிறது. 180 கிலோ வரை தாங்கும், 100 கிராம் படியாகக் காட்டும், சின்னப் பெட்டரி இரண்டு போட வேண்டும்.

நான் ஐந்தடி இரண்டங்குலம். 74 கிலோவிலிருந்து 60க்கு இறங்கினவள். இறங்கின காலம் முழுக்க வீட்டில் மெஷின் இருக்கவில்லை. மாதத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஏறி நின்று பார்ப்பதே போதுமாக இருந்தது. குறையும்போது ஊரே சொல்லிவிடும். ஸ்டாஃப் ரூமில் "என்ன டீச்சர் இப்படி மெலிஞ்சிட்டீங்க" என்பார்கள், மரக்கறிக் கடைக்காரர் "சொகமில்லையா டீச்சர்?" என்று கவலைப்படுவார். அறுபதைத் தொட்ட பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை. அறுபது அறுபத்தொன்றாகும்போதும் சொல்வதில்லை. அறுபத்து மூன்றில்தான் சாரி பிளவுஸ் தையல் வாயைத் திறக்கும். மாதத்துக்கு ஒருக்கா கிளினிக் என்ற கணக்கு அதற்குப் பிறகு சரிவரவில்லை. வீட்டில் ஒன்று வேண்டியிருந்தது.

அறுபதைத் தொட்ட அன்றைக்கே கிளினிக் மிஸ் சொன்னார்: "கொறைச்சிட்டீங்க, சந்தோசம். இனிமேத்தான் டீச்சர் வேலையே இருக்கு." நான் கணக்கு படிப்பிக்கிறவள். ஏன் என்று கேட்காமல் விடுவேனா? உடம்பு சிறுத்தால் அதை ஓட்டத் தேவையான சாப்பாடும் சிறுக்கும் என்பது விளங்குகிறது. ஆனால் சிறுத்த அளவுக்கு மேலாகவே உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறதாம். அமெரிக்காவில் டீவியில் நிறை குறைப்புப் போட்டிக்குப் போன 14 பேரை ஆறு வருசம் கழித்துப் பரிசோதித்து 2016இல் ஒரு ஆய்வு வந்தது. பெரும்பாலானவர்களுக்கு நிறையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அப்படியும் சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரித்தது, அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்க்கிறதை விட ஒரு நாளைக்கு 500 கலோரி அளவில் குறைவு. அது ஒரு வேளைச் சாப்பாடு. அவர்கள் மாதிரி அடித்துப்பிடித்துக் குறைக்காதவர்களுக்கு இவ்வளவு இருக்காது. ஆனாலும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய நிறையும் திரும்பும் என்பதில் சந்தேகமில்லை. ஆசியர்களான நமக்கு எச்சரிக்கை எல்லையும் கிட்டத்தான் இருக்கிறது. பி.எம்.ஐ. (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு) 25 என்று உலகத்துக்குச் சொல்கிற இடத்தில் நமக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே எழுதிவிட்டது. எனக்கு இப்போது 24.2. அதாவது மேலே ஏற இடமேயில்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

இதன் நாலு காலுக்குள்ளும் ஒவ்வொரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. நாம் ஏறும்போது தகடு மயிரிழை அளவு வளைய, அதன் மேல் ஒட்டியிருக்கிற கம்பியின் மின்தடை மாறும். நாலு காலின் மாற்றத்தையும் சேர்த்துத்தான் நிறை காட்டுகிறது. அதனால் நாலு காலும் தரையில் சரிசமமாக ஊன்ற வேண்டும். மலைநாட்டு வீடுகளுக்கு இதுதான் சோதனை. எங்கள் வீடு லயத்து இரண்டு காம்பராவைச் சேர்த்துக் கட்டினது. முன் காம்பரா சிமெந்துத் தரை கழுவித் தள்ள வசதியாக வாசல் பக்கம் சரிவு. அதில் வைத்தால் ஒரு நிறை, குசினி வாசலில் வைத்தால் வேறொரு நிறை. ரப்பர் விரிப்பின் மேலே வைத்தால் கேட்கவே வேண்டாம். கடைசியில் அலுமாரிக்குப் பக்கத்தில் டைல்ஸ் பதித்த மூலை அகப்பட்டது. அங்கே வைத்தது வைத்தபடிதான், பெருக்கும்போதுகூட யாரும் தூக்கக்கூடாது. அப்படித் தூக்கினால், முதலில் காலால் ஒரு தட்டு தட்டி 0.0 வந்து அணையும் வரை பொறுத்து, பிறகு ஏற வேண்டும். கையேட்டில் இது கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

மலையில் நிறை குறைத்துக் காட்டுமாமே என்று ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறையும், அது உண்மை. நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே 60 கிலோ ஆளுக்கு கொழும்பை விட 40 கிராம்கூட வித்தியாசம் வராது. இந்த மெஷின் 100 கிராமுக்குக் கீழே காட்டுவதேயில்லை. ஆகவே மலை ஏறி நிறை குறைக்க நினைக்கிறவர்கள் நடந்தே ஏறட்டும்.

உண்மையான பரீட்சை வேறு. சில மெஷின்கள் போன தடவை காட்டினதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அதே நிறை வந்தால் பழைய இலக்கத்தையே திரும்பக் காட்டும். "பாருங்க, எத்தனை தரம் ஏறினாலும் ஒரே நிறை" என்று நம்மை நம்பவைக்கிற தந்திரம். என்னோடு படிப்பிக்கிற ஒரு டீச்சரின் மெஷின் அந்த ரகம். அவர் கிழமைக் கணக்கில் 58.4 என்றே சந்தோசமாக இருந்தார். கண்டுபிடிக்கிற வழி சுலபம். வெறுங்கையோடு ஏறுங்கள். இறங்கி, அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பிறகு பாதியைக் கொட்டிவிட்டு இன்னொரு தரம். இலக்கம் ஒவ்வொரு தரமும் அதற்கேற்ற மாதிரி நகர வேண்டும். என்னுடையது நகர்ந்தது. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறியும் பார்த்தேன், 4.9 கூடியது. அந்த நூறு கிராம் மெஷினின் பிழையா கடைக்காரரின் பிழையா என்று நான் ஆராயப் போகவில்லை.

அம்மாவையும் ஏற்றிப் பார்த்தேன். அம்மா தோட்டத்தில் பேர் பதிந்து காலமெல்லாம் கொழுந்தெடுத்தவர். தராசென்றால் அவருக்கு நல்ல ஞாபகங்கள் இல்லை. 48.2 என்று வந்ததும் குனிந்து இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம் புள்ள, இதுல தண்ணிக்கு எத்தன கிலோ வெட்டுவாங்க?"

சிரித்தேன், ஆனால் அம்மா கேட்டது சரியான கேள்வி. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள். அந்தக் கழிவில் ஏமாந்த கோபம் தோட்டத்தில் எல்லாருக்கும் உண்டு. வீட்டு மெஷினிலோ கழிவை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ராத்திரி கொத்து ரொட்டி சாப்பிட்டால் விடிய 61.3 காட்டும். ஒரு கிலோ கொழுப்பு ஏற, செலவுக்கு மேலதிகமாக ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு கொத்தில், முட்டை இரண்டு போட்டு மேலே குழம்பு ஊற்றினாலும், அவ்வளவு இல்லை. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாச்சத்து ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். இரண்டு மூன்று நாளில் அது போய்விடும். பெண்களுக்கு மாத நாட்களை ஒட்டியும் இப்படி ஏறி இறங்கும். இதைத் தெரியாமல் மெஷின் வாங்கினால் ஒரு நாள் பட்டினி, மறுநாள் 'என்னத்தைச் செய்தும் குறையல்லையே' என்று இன்னொரு கொத்து என்று போகும்.

அதனால் நான் காலையில், பாத்ரூம் போய் வந்து, தேத்தண்ணிக்கு முதல் ஏறுகிறேன். இலக்கத்தை அலுமாரிக் கதவில் தொங்குகிற கலண்டரில் எழுதுகிறேன். கிழமை முடிய ஏழையும் கூட்டி ஏழால் பிரித்து, அந்தச் சராசரியை மட்டும் நம்புகிறேன். மெஷினோடு வருகிற போன் செயலி இதையெல்லாம் தானே செய்யுமாம். அது முதலில் என் பிறந்த திகதி, போன் நம்பர், நான் நிற்கிற இடம் எல்லாம் கேட்டது. அழித்துவிட்டேன்.

கலண்டரில் மூன்று நிறம் வைத்திருக்கிறேன். இது என் யோசனை இல்லை. அமெரிக்காவில் நிறை குறைத்த 314 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தது. குறைத்த நிறையிலிருந்து 1.4 கிலோவுக்குள் கூடினால் பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் நிறை பார்க்கப் பழக்கி, நேரில் கூட்டமும் வைத்தார்கள். ஒன்றரை வருசத்தில், கடிதம் மட்டும் அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 72 பேர் சிவப்புக்குள் போனார்கள். நேரில் கூடினவர்களில் 46 பேர். 46ம் சின்னத் தொகை இல்லைதான், ஆனால் 72ஐ விட எவ்வளவோ மேல். அங்கேயே 1994இலிருந்து இன்னொரு பதிவேடும் வைத்திருக்கிறார்கள், 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருசமாவது காத்தவர்களுக்கு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழமைக்கு ஒரு தரமாவது நிறை பார்க்கிறவர்கள். பத்தில் ஒன்பது பேர் சராசரியாகத் தினம் ஒரு மணித்தியாலம் உடம்பை அசைக்கிறவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பேன், யார் மறுத்தாலும்.

என் கோடுகள் 61.4, 62.3. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மஞ்சள் பேனா கட்டாயம் வெளியே வரும். மஞ்சளில் முதலில் வெட்டுப்படுவது ஸ்டாஃப் ரூம் இன்டர்வெல் ரோல்ஸ். அடுத்தது பின்னேரத் தேத்தண்ணிச் சீனி. தேங்காய் ரொட்டி இரண்டு ஒன்றாகும், கட்டைச் சம்பல் அப்படியே இருக்கும், பக்கத்தில் லீக்ஸோ போஞ்சியோ வல்லாரைச் சம்பலோ ஒரு குவியல். ரொட்டியை அடியோடு விடச் சொல்கிற ஆலோசனைகளை நான் மதிப்பதில்லை. ரொட்டியில்லாமல் ஒரு மாதம் இருக்கலாம், வாழ்நாள் முழுக்க இருப்பது எப்படி?

இனிக் குறைகள். கண்ணாடியின் நாலு மூலையிலும் எஃகுத் தகடு பதித்திருக்கிறார்கள், கொழுப்பு வீதம் பார்க்க. வெறுங்காலில்தான் நிற்க வேண்டும், சொக்ஸோடு ஏறினால் அந்தக் கணக்கு வராது. தை மாசத்து விடியற்காலையில் வெறுங்காலை அதில் வைத்துப் பாருங்கள், உச்சந்தலை வரை ஏறும். இவ்வளவு பாடுபட்டு வருகிற வீதமும் நம்புகிற மாதிரி இல்லை. ஒரு காலால் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி மறுகாலால் வாங்கி ஊகிக்கிற கணக்கு அது. தண்ணீர் குடித்தால் ஒன்று, பாதம் காய்ந்திருந்தால் இன்னொன்று. ஒரே காலையில் எனக்கு 31 வீதமும் 34 வீதமும் காட்டியது. நான் இப்போது சொக்ஸோடுதான் ஏறுகிறேன், நிறைக்கு அது போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது. அவர்களுக்கும், காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களுக்கும், தகடில்லாத சாதாரண மெஷினே நல்லது.

அடியில் கிலோவை இறாத்தலாக மாற்றுகிற பொத்தான் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். ஒரு நாள் காலையில் 133 என்று பார்த்தேன். இறங்கினதும் விளக்கு அணைகிற வேகமும் அதிகம், மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே ஏற வேண்டும்.

எல்லாருக்கும் இது வேண்டும் என்று சொல்லமாட்டேன். இலக்கம் கூடினால் அன்றைக்குச் சாப்பாட்டையே ஒதுக்குகிற, நாளெல்லாம் அதையே நினைக்கிற மனசு உள்ளவர்கள் வீட்டில் மெஷின் வைக்காமல் கிளினிக்கில் பார்ப்பதே நல்லது. பிள்ளை வயிற்றில் இருக்கிறவர்களின் நிறையை மிட்வைஃப் மிஸ் பார்ப்பார்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து பெட்டரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தரை மட்டமாக இருக்கிற இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கடைப் பொடியன் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்குக் காட்டின பொடியன் கடைசியில் தானும் ஏறிப் பார்த்துவிட்டு, முதலாளிக்குக் கேட்காமல், "டீச்சர், நானும் கொறைக்கணுமா?" என்று கேட்டான்.