"ஈவி டயர் மேடம், 50,000 ஓடும்"னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க - எனக்கு 39,200 ரூபா போச்சு

39,200 ரூபா. பதினாலாயிரம் கிலோமீட்டர்ல காலி. எலெக்ட்ரிக் கார், அதான் ஈவி, வெச்சிருக்கறவங்க யாராச்சும் டயர் மாத்தப் போறீங்கன்னா தயவுசெஞ்சு இத படிச்சிட்டுப் போங்க, நான் இன்னிக்கு மத்தியானம்தான் அந்தக் கடையில கத்திட்டு வந்திருக்கேன், அதனால கோர்வையா இருக்காது.

நான் கோயமுத்தூர்ல இருந்து திருப்பூருக்கு டெய்லி கார்ல போயிட்டு வர்றவ. வண்டி எலெக்ட்ரிக் காம்பாக்ட் எஸ்யூவி, டயர் சைஸ் 215/60 ஆர்16. வண்டியோட வந்த டயர் 32,000 கிலோமீட்டர்லயே முன்னாடி ரெண்டும் தேஞ்சு அந்த டிடபிள்யூஐ கட்டை (இதுக்கு மேல தேஞ்சா மாத்தணும்னு காடிக்குள்ள இருக்கற சின்ன மேடு) மட்டத்துக்கு வந்துருச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்ல. அதே மாடல் பெட்ரோல் வண்டிய விட 200 கிலோவுக்குப் பக்கம் கூடுதல் வெயிட்டு, மிதிச்ச உடனே மொத்த டார்க்கும், அதான் சுத்தற விசை, முன் வீலுக்கு வருது, காலை எடுத்தா ரீஜென் பிரேக்கும் (மோட்டாரே வேகத்தைக் கொறச்சு பேட்டரிக்குக் கரண்ட் ஏத்தறது) அதே முன் டயர்லதான் புடிக்குது, அப்புறம் தேயாம என்ன பண்ணும். பெட்ரோல் கார் டயர விட 20 சதவீதம் வரைக்கும் சீக்கிரம் தேயும்னு டயர் கம்பெனிங்களே சொல்றாங்க.

போன அக்டோபர்ல மாத்தினேன். பெரிய மல்டி பிராண்ட் டயர் கடை, ஏசி ரூம், சோபா, காபி மெஷின், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கும். கவுண்டர்ல இருந்தவரு பேசின பேச்சு இருக்கே. "ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிடுச்சு மேடம், இப்ப நாலும் மாத்திட்டீங்கன்னா உங்களுக்கு லாபம்"னாரு. ஜிஎஸ்டி கொறஞ்சது நெசம்தான், செப்டம்பர் 22-ல இருந்தே கொறஞ்சிருச்சு. அடுத்து, "உங்க வண்டிக்கு சாதா டயர் போடக்கூடாதுங்க, இது ஈவிக்குன்னே வர்றது, கண்ண மூடிட்டு 50,000 ஓடும்"னாரு. எழுதித் தாங்கன்னு கேட்டேன். சிரிச்சிட்டே விசிட்டிங் கார்டைத் திருப்பி பேனால "50,000 கிமீ"ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டுக் குடுத்தாரு. அந்த ரெண்டு கோட்டைப் பாத்துதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. டயர் 9,500 வீதம் நாலு, அலைன்மெண்ட் (வீல் நேரா நிக்கற கோணத்தைச் சரி பண்றது) பேலன்சிங் நைட்ரஜன் எல்லாம் சேத்து 1,200, மொத்தம் 39,200 ஜிபேல அனுப்பினேன்.

மாட்டின கொஞ்ச நாள்லயே சார்ஜ் முன்ன விட வேகமா எறங்குச்சு. போன் பண்ணேன். "புது டயர் செட்டாகணும் மேடம்." அப்புறம் ரோட்டுல ஒரு மாதிரி ஊங்குன்னு சத்தம். போன் பண்ணேன். "ஈவில இன்ஜின் சத்தம் இல்லீங்களா, அதனால டயர் சத்தம் கேக்கத்தான் செய்யும்." ரெண்டும் பாதி உண்மை, அதான் ஏமாத்து.

போன வாரம் கருமத்தம்பட்டி கிட்ட முன்னாடி லெஃப்ட் டயர் பஞ்சர். ரோட்டோரக் கடை அண்ணன் ஒருத்தர் வீலைக் கழட்டி உள்பக்கம் கையை விட்டவரு சட்டுனு வெளிய எடுத்துட்டு, "விரல வெச்சுராதீங்கம்மா, கம்பி தெரியுது"ன்னாரு. வெளிய இருந்து பாத்தா டயர் நல்லாத்தான் இருக்கு, உள் ஓரத்துல மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு மொட்டை, அதுல நரம்பு மாதிரி ஸ்டீல் கம்பி எட்டிப் பாக்குது. அவரு சும்மா இருக்காம வீலைத் திருப்பிப் போட்டு டார்ச் அடிச்சுக் காட்டினாரு, உள்பக்கச் சுவத்துல சின்ன கட்டத்துக்குள்ள 1120. அப்படின்னா 2020-ம் வருஷம் 11-வது வாரம். மார்ச் 2020! லாக்டவுன் போடறதுக்கு முன்னாடி செஞ்ச டயரு, அப்ப நாம யாரும் மாஸ்க் கூடப் போடல, அதை "புது ஸ்டாக்"னு 2025-ல எனக்குத் தலைல கட்டிருக்காங்க. இந்தத் தேதி நிறைய டயர்ல ஒரு பக்கம்தான் இருக்கும்ங்க. நாலு டயர்லயும் அந்தப் பக்கம் உள்ள போற மாதிரி மாட்டிருக்காங்க. நாலும் தற்செயலா அப்படி வந்துருச்சாமா? பின்னாடி ரெண்டுலயும் காடி நடுவுல பொடிப் பொடியா வெடிப்பு.

இன்னிக்கு லீவ் போட்டுட்டு கடைக்குப் போனேன். அதே ஆளு. "ஈவின்னா அப்படித்தாங்க மேடம், டயர் தின்னும்." எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். ஏங்க, ஈவி டயர் தின்னும் சரி, அது டயர் முழுசும்ல தேயணும், உள் ஓரம் மட்டும் தின்னா அது அலைன்மெண்ட் பாக்காததுன்னு பஞ்சர் கடைக்காரருக்கே தெரியுது. பின் வீலுக்கு மோட்டாரே இல்ல, அது எதுக்கு வெடிக்குது, அது வயசான ரப்பர்னு சொல்லுங்கன்னேன். உடனே பேச்சை மாத்தி, "நீங்க சார கூட்டிட்டு வாங்க, அவருக்கு சொல்லிப் புரிய வெக்கறேன்"ங்கறான். எக்ஸ்போர்ட் கம்பெனில ஒரு கண்டெய்னர் துணியை ரிஜெக்ட் பண்ற வேலை பாக்கறவ நான், எனக்குப் புரியாததை எந்த சாருக்குப் புரிய வெக்கப் போறான்?

அலைன்மெண்ட் ரிப்போர்ட்டைக் கேட்டேன். அரை மணி நேரம் தேடற மாதிரி நடிச்சிட்டு வாட்சப்ல ஒரு போட்டோ அனுப்பறாங்க, அதுல வண்டி மாடல் இடத்துல ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் பேரு! கேட்டா "சிஸ்டம்ல மாறிருக்கும்". விசிட்டிங் கார்டைக் காட்டினா "அது ஒரு தோராயமா சொன்னதுங்க". பில்லுல "டயர் 4 நம்பர்"னு மட்டும்தான் இருக்கு, சீரியல் நம்பரே போடல. ஓனர் ஊர்ல இல்லயாம், எப்ப வருவாருன்னு தெரியாதாம்.

டயர் கம்பெனி கஸ்டமர் கேர்லயும் பேசிட்டேன். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தானாம், தேய்மானத்துக்குக் கிடையாதாம், அப்படியே குறைன்னு ஒத்துக்கிட்டாலும் தேயாம மிச்சம் இருக்கற ட்ரெட் (ரோட்டுல படற ரப்பர்) அளவுக்குத்தான் பணம். இவன் சொன்ன 50,000 கிலோமீட்டருக்கு கம்பெனி எங்கயும் கையெழுத்துப் போடல. ஈவிக்குன்னு டயர்கள் வருதுங்க, இல்லன்னு சொல்லல, ஆனா எனக்குப் போட்ட டயர்ல ஈவின்னு எங்கயும் அச்சாகல, கடைக்காரன் ஒட்டின பச்சை ஸ்டிக்கர் மட்டும்தான், அதுவும் முத மழையிலயே உரிஞ்சு போச்சு.

டிப்ஸ் எல்லாம் விலாவாரியா எழுதணும்னு நெனச்சேன், இப்ப முடியல. மாட்டறதுக்கு முன்னாடி நாலு டயர் தேதியையும் போட்டோ எடுங்க. லோட் இண்டெக்ஸ், அதான் டயர் எவ்வளவு வெயிட்டு தாங்கும்னு சொல்ற நம்பர், பழைய டயர்ல இருந்ததை விடக் கம்மியா இருக்கக் கூடாது, எங்க சைஸுக்கு 95, அதாவது ஒரு டயர் 690 கிலோ தாங்கும். பில்லுல சீரியல் நம்பர் இல்லாம காசு குடுக்காதீங்க. அலைன்மெண்ட் ரிப்போர்ட்டை அங்கயே கையில வாங்குங்க. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்துங்க, அப்ப உள் ஓரத்தையும் எட்டிப் பாருங்க.

1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணி கம்ப்ளெயிண்ட் பதிஞ்சாச்சு. கன்ஸ்யூமர் கோர்ட்டுல அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, வக்கீல் இல்லாமலும் போடலாம், அதையும் போடப் போறேன். கோயமுத்தூர்ல டயர் கேஸ் போட்டு ஜெயிச்சவங்க யாராவது இருந்தா அந்த விசிட்டிங் கார்டு செல்லுமான்னு மட்டும் சொல்லுங்க.