மூக்குக் கழுவும் பாட்டில்: மூன்று மாதங்களுக்குப் பிறகு

உப்புநீரை ஒரு நாசித் துளையில் செலுத்தி மறு துளை வழியே வெளியேற்றும் 240 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலையும், அதனுடன் வரும் உப்புப் பொட்டலங்களையும் மூன்று மாதங்களாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். வாங்கியதில் வருத்தமில்லை, ஆனால் அட்டைப்பெட்டி சொல்வதைப் போல இது ஒன்றே சைனஸைத் தீர்த்துவிடாது.

எனக்கு இருப்பது சைனஸ்தானா என்பதே வெகுநாள் தெரியாது. தலைவலி வந்தபோதெல்லாம் அப்படித்தான் என்று நானே முடிவு செய்து, அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டு, அதனாலேயே அடைப்பை அதிகமாக்கிக்கொண்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்டவை நான்கு: மூக்கடைப்பு, முன்புறமாகவோ தொண்டைக்குள்ளோ சளி வடிதல், முகத்தில் வலி அல்லது அழுத்தம், மோப்பம் குறைதல். இவற்றில் குறைந்தது இரண்டு, 12 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும்; அவற்றுள் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். அதன் பிறகும் மூக்குக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியிலோ சிடி ஸ்கேனிலோ அழற்சி தென்பட்டால்தான் நோய் உறுதியாகிறது. சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருக்கும் பலருக்கு இருப்பது மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி. அவர்களுக்கு இந்தப் பாட்டிலால் பயனில்லை.

அறுவை சிகிச்சை செய்யாத மூக்கில் இந்த நீர், மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் சைனஸ் அறைகளுக்குள் பெரிதாக நுழைவதில்லை. அது நாசிப் பாதையில் ஒட்டியிருக்கும் கெட்டியான சளியையும் தூசியையும் அடித்துச் செல்கிறது. பிறகு போடும், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே சளியின்மேல் தங்காமல் சவ்வின்மேல் படிகிறது. ஆகவே முதலில் கழுவல், பிறகு ஸ்பிரே. ஸ்பிரேயை வலக்கையால் இடது துளையிலும் இடக்கையால் வலது துளையிலும், நடுச்சுவரை விட்டு விலகி வெளிப்புறம் நோக்கி அடிக்க வேண்டும். இது தெரியாமல் முதல் வாரம் எனக்கு இரத்தம் கசிந்தது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எனக்கு ஆறாவது வாரத்தில்தான் மோப்பம் மெல்லத் திரும்பியது. அதில் கழுவலின் பங்கு எவ்வளவு, ஸ்பிரேயின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

உப்புப் பொட்டலத்தைக் குறைசொல்ல முடியாது. உடல் திரவங்களுக்கு இணையான 0.9 விழுக்காட்டுச் செறிவு என்பதால் எரிவதில்லை. சோம்பலில் ஒருநாள் வெறும் நீரை விட்டுப் பார்த்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது.

பெரிய குறை, விளக்கத்தாள்தான். குழாய்நீரை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு, குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லேரியா ஃபவுலெரி என்னும் அமீபா மூளையைத் தாக்கி இறந்தனர். இத்தொற்று மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பவர் வெகு சிலரே. ஆகவே காய்ச்சி வடித்த நீரோ (டிஸ்டில்டு வாட்டர்), ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து ஆறவைத்த நீரோதான் வேண்டும். இதை முதல் வரியில் அச்சிட்டிருக்க வேண்டும்.

மற்றவை சிறு தொல்லைகள். பலமாக அழுத்தினால் நீர் காதுக்குள் ஏறுகிறது. கழுவி அரைமணி கழித்துக் குனிந்தால் மிச்சநீர் சொட்டுகிறது, அதனால் வெளியே கிளம்பும் முன் கழுவுவதை விட்டுவிட்டேன். பாட்டிலின் கழுத்து குறுகலாக இருப்பதால் உட்புறம் எளிதில் உலர்வதில்லை. மூடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துவைக்க வேண்டும். நாசிச் சதை வளர்ந்து மூக்கு முழுவதும் அடைத்திருப்பவர்களுக்கு நீர் மறுபுறம் வராது. அவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகு வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாட்டிலை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையதில் நீரின் அளவைக் காட்டும் கோடு இரண்டாம் மாதமே அழிந்துவிட்டது.