திருமலை வீதியின் கடைக் கண்ணாடிகளும் ஒரு கைத்தறிக் கடையும்

கடைக் கண்ணாடிகளை ஆற அமரப் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டக்களப்பு நகருக்குள் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும். வீதி இருட்டாகக் கிடக்க, கண்ணாடிக்குப் பின்னால் மின்குமிழ் எரிந்துகொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் உள்ளே வைத்திருக்கும் பொருள் முழுமையாகக் கண்ணில் படும். கீழ்க்கரையில் வெயில் விரைவாக ஏறிவிடுகிறது. வெளி வெளிச்சம் உள் வெளிச்சத்தை மிஞ்சியதும் அதே கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகி, எதிர்ப்புறச் சுவரையும் நம்மையுமே காட்டத் தொடங்கிவிடும். தை பிறந்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாட்கள் கல்லடியிலிருந்து நடந்து வந்து இக்கண்ணாடிகளைப் பார்த்து வருகிறேன். அவற்றைப் பற்றியும், அவற்றுள் ஒன்றைப் பார்த்துவிட்டு நான் உள்ளே சென்று வாங்கிய சாரியைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நடை கல்லடிப் பாலத்தில் தொடங்குகிறது. 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வாகனங்கள் செல்ல, பிரித்தானிய ஆட்சிக்கால ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. வாவியில் வீச்சு வலைக்காரர்களின் தோணிகள் ஒன்றிரண்டு தெரியும். அரசடியைக் கடந்து திருமலை வீதியில் ஏறியதும் கடைகள் தொடங்குகின்றன. கோட்டைமுனைப் பாலம் வரை போய், புளியந்தீவுக்குள் காந்திப் பூங்காவில் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பினால், நடை வேகத்தைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

பெரிய புடவைக் கடைகளின் கண்ணாடிகளே முதலில் கண்ணை இழுக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பொம்மைகளை நெருக்கி நிறுத்தி வைத்திருப்பதால், ஒரு பொம்மையின் முந்தானை அடுத்த பொம்மையின் கொசுவத்தை மறைக்கிறது. ஏழு சாரிகளைக் காட்ட முயன்று ஒன்றையும் முழுதாகக் காட்டாத கண்ணாடியை விட, இரண்டை மட்டும் இடம்விட்டு நிறுத்திய கண்ணாடியின் முன்னால்தான் கால்கள் தாமாக நிற்கின்றன. நகைக்கடைகளில் இந்த நேரத்தில் நகை இருக்காது. இரவில் அனைத்தும் பெட்டகத்துக்குள் போய்விடுவதால், வெல்வெட் போர்த்திய கழுத்துகள் வெறுமையாக வரிசையில் நிற்கும். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றும் புத்தகக் கடை ஒன்றும் ஒழுங்காக இருக்கின்றன. புத்தகக் கடையில் பாடசாலை அப்பியாசக் கொப்பிகளை முன்னால் அடுக்கி, நல்ல நூல்களைப் பின்னால் தள்ளியிருப்பது மட்டும் எனக்கு வருத்தம்.

இந்த வீதியைப் பற்றிய என் பெரிய மனக்குறை, கடைகளில் பாதிக்கு மேல் இரவில் முழு இரும்புக் கதவை இழுத்து மூடிவிடுவதுதான். களவுப் பயம் நியாயமானது. இந்த நகரம் கண்ட காலங்களை நினைத்தால் இரும்புக் கதவை யாரும் குறைசொல்ல முடியாது. ஆயினும் கம்பி வலைக் கதவும் அதே காவலைத் தருகிறது, அத்துடன் கண்ணாடியையும் மறைப்பதில்லை. அப்படியான கதவு போட்ட கடைகள், பூட்டியிருக்கும் பன்னிரண்டு மணி நேரமும் வீதியில் போகிறவரோடு பேசிக்கொண்டேயிருக்கின்றன.

நான் சொல்ல வந்த கைத்தறிக் கடையும் கம்பி வலைக் கதவு போட்ட கடைதான். முகப்பு ஆறடி அகலத்துக்கு மேல் இராது. பொம்மை கிடையாது. மேலே ஒரு மூங்கில் கம்பு. அதில் ஒரே ஒரு சாரி, மடிப்புக் கலையாமல், கரையும் முந்தானையும் தெரியும்படி தொங்குகிறது. கீழே பலகையில் ஊடு நூலை இழுத்துச் செல்லும் மர ஓடம் ஒன்றும், சாயம் ஏற்றிய நூற்கண்டுகள் மூன்றும். கல்முனைக்கு வடக்கே அம்பாறை மாவட்டத்திலுள்ள மருதமுனையில் நெய்தது என்று தமிழில் ஒரு அட்டை. விலையும் அதே அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமைகளில் சாரி மாறும்; நூற்கண்டுகளின் நிறமும் அதற்கேற்ப மாறும். அந்தச் சிறு அக்கறையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரங்கள் எடுத்தன.

மூன்றாவது வாரம் தொங்கியது வாவித் தண்ணீரின் பச்சை கலந்த நீலம், மாம்பழ மஞ்சளில் கரை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தபோது, கரையின் ஓரம் நெடுக ஊசி முனையளவில் சிறு துளைகள் தெரிந்தன. நெய்யும்போது துணி சுருங்காமல் இரு பக்கமும் அகலமாக இழுத்துப் பிடிக்கும் கோலின் முனைகள் பதிந்த இடங்கள் அவை. கைத்தறித் துணியை இனங்காண்பதற்கான அடையாளங்களில் ஒன்று. துணியை மடிக்கும்போது அந்த ஓரத்தை உள்ளே தள்ளி மறைத்திருக்கலாம். பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று வெளியே வைத்த மனம் எனக்குப் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. அட்டையிலுள்ள எழுத்து மிகச் சிறியது. என் வயதுக்காரர் நடைபாதையில் நின்று வாசிக்க முடியாது. மாரி மழையில் வீதிச் சேறு தெறித்துக் கண்ணாடியின் அடிப்பகுதி ஒரு சாண் உயரத்துக்கு மங்கிக் கிடக்கிறது, நாட்கணக்கில் துடைக்கப்படுவதில்லை. வெள்ளைக் குழல் விளக்கின் கீழ் மஞ்சள் நிறம் சற்று வெளிறித் தெரிகிறது. மஞ்சள் ஒளி தரும் குமிழ் ஒன்றைப் போட்டால் கரையின் உண்மையான நிறம் விளங்கும்.

உள்ளே போவதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்னர் இதே நகரில் வேறொரு கடையின் கண்ணாடியில் விலை அட்டையுடன் ஒரு சாரியைப் பார்த்து, அம்மாவுக்காக வாங்கச் சென்றேன். அந்த விலைக்குரிய சாரி முடிந்துவிட்டது என்று சொல்லி, அதைவிட இரண்டாயிரம் ரூபா கூடிய ஒன்றை விரித்துக் காட்டினார்கள். கண்ணாடியில் இருப்பதைத் தாருங்கள் என்று கேட்டதற்கு, அதைக் கழற்ற முடியாது என்று பதில் வந்தது. அடுத்த கிழமையும் அந்த அட்டை அதே இடத்தில் இருந்தது. கண்ணாடியில் எழுதிய விலை, கடைக்காரர் வீதிக்குக் கொடுத்த வாக்கு என்று நம்புகிறவள் நான். அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை.

ஆகவே கைத்தறிக் கடை ஒன்பது மணிக்குத் திறந்ததும் உள்ளே சென்று, கண்ணாடியில் தொங்கும் நீலச் சாரியே அம்மாவுக்கு வேண்டும் என்று கேட்டேன். கடையில் இருந்த பெண்மணி எழுந்து வந்து அதன் வெளி மடிப்பை விரித்து, உள் மடிப்போடு சேர்த்து வைத்துக் காட்டினார். ஒரு வாரத்துக்குள் வெளிப்பக்க நீலம் நூலளவு வெளிறியிருந்தது. காலை வெயில் நேரே விழும் முகப்பு அது. “இது வெயில் பட்ட சாமான் மகள், அம்மாவுக்குக் குடுக்க வேணாம். இதுட சோடி உள்ளுக்குள்ள இருக்கு,” என்று சொல்லி அலுமாரியிலிருந்து அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொன்றை எடுத்து வந்தார். அட்டையில் இருந்த 6,500 ரூபாதான் வாங்கினார். வெயில் பட்டதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விலை குறைத்து, காரணத்தையும் சொல்லி விற்பதாகச் சொன்னார்.

அம்மா இதுவரை மூன்று தடவை அதைத் தோய்த்துவிட்டார். முதல் தண்ணீரில் மட்டும் நீலம் சற்று இறங்கியது, மஞ்சள் கரையில் பிடிக்கவில்லை. கஞ்சி போடாமலேயே மடிப்பு நிற்கிறது. இடுப்பில் கனம் தெரியவில்லை என்றும், மாமாங்கேசுவரர் கோயிலுக்கு அடுத்த முறை போகும்போதும் அதையே உடுக்கப் போவதாகவும் சொல்கிறார். இந்தத் திங்கட்கிழமை கண்ணாடியில் செங்கல் நிறச் சாரி வந்திருக்கிறது. கண்ணாடியின் அடிப்பகுதி இன்னும் துடைக்கப்படவில்லை.