சாவியா, வாட்டர்கிரெஸா? மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கொல்லைக்கு எது?

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் வாட்டர்கிரெஸ் கட்டு வாங்கி வந்து, "தண்டை ஊன்றினால் இங்கே வருமா, இல்லை சாவியே போடலாமா?" என்று கேட்கிறார்கள். சாவி என்பது மலாயில் 'sawi' எனும் கீரை, வாட்டர்கிரெஸ் தண்ணீரில் வளரும் கீரை. இரண்டும் வெளியிலிருந்து வந்த கடுகுக் குடும்பத்துச் செடிகள்தான்.

பூ: சாவிக்கு மஞ்சள், வாட்டர்கிரெஸுக்கு வெள்ளை. இரண்டிலும் 4 இதழ், 6 மகரந்தத்தாள். அவற்றில் 4 நீளம், 2 குட்டை.

இடம்: சாவி மலையிலும் வரும், எஸ்டேட் வீட்டுக் கொல்லையிலும் வரும். வாட்டர்கிரெஸின் பூர்வீகம் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியாவின் சில பகுதிகள். நியூசிலாந்து ஓடைகளில் களையாகவே பரவிவிட்டது. அதற்கு வேண்டியது குளிர்ந்த, ஓடும் தண்ணீர். கேமரன் மலையில் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் செழிப்பது நம் வெயிலில் சோர்ந்துபோகும்.

நடவு: சாவி விதை தூவினால் 30, 40 நாளில் கறிக்கு ஆகும், பிடுங்கினால் கதை முடிந்தது. வாட்டர்கிரெஸுக்கு விதையே வேண்டாம். உள்ளே பொள்ளலான தண்டு மிதக்கும், கணுக்கணுவாக வேர் விடும், வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

தொல்லை: சாவியைப் புழு சல்லடையாக்கும், வலை கட்டுங்கள். வாட்டர்கிரெஸில் பயம் வேறு. ஆடு மாடு இறங்கும் ஓடையில் வளர்ந்ததைப் பச்சையாகத் தின்றால் கல்லீரல் தட்டைப்புழு தொற்றலாம். சாலட் ஆசை வேண்டாம், சூப்பில் நன்றாகக் கொதிக்கட்டும்.

வாரம் தவறாமல் பிரட்டலுக்குக் கீரை வேண்டுமென்றால் சாவி. நிழலும் சுத்தமான பைப்புத் தண்ணீரும் இருந்து, தினமும் தண்ணீர் மாற்றப் பொறுமையும் இருந்தால், ஒரு தொட்டியில் வாட்டர்கிரெஸ் வைத்துப் பாருங்கள். சூப்புக்கு மட்டும்தான் என்றால் சந்தையில் வாங்கிவிடுவதே மேல்.