முழங்கால் பிரேஸ்: இழுத்து மாட்டுவதா, சுற்றிக் கட்டுவதா?

வாலிபால் மேட்சில் இரண்டாவது செட் முடிந்து பக்கம் மாறும்போது குனிந்து பார்த்தேன். முழங்காலுக்குத் தாங்கலாகப் போட்டிருந்த பிரேஸில், மூட்டுக்கு நேராக இருக்க வேண்டிய கீல் மூன்று விரற்கடை இறங்கிக் கெண்டைக்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தது. தொடைப் பக்கத்துத் துணி சுருண்டு போயிருந்தது. முழங்கால் சில்லுக்காக வைத்திருக்கும் ஓட்டை சில்லுக்குக் கீழே கிடந்தது. 1,400 ரூபாய் கொடுத்து வாங்கி இரண்டே வாரம் ஆகியிருந்தது. இழுத்து மேலே ஏற்றிவிட்டு மூன்றாவது செட் ஆடினேன். ஐந்து பாயிண்ட் ஆவதற்குள் மறுபடியும் இறங்கிவிட்டது.

ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, மறுபடி ஆட வர நினைக்கிறவர்கள் பிரேஸ் வாங்கப் போனால் விலையும் கம்பெனிப் பெயரும்தான் முதலில் பேச்சில் வருகின்றன. கடைகளில் எல்லாவற்றுக்கும் 'நீ கேப்' (knee cap) என்று ஒரே பெயர். ஆனால் உள்ளே நான்கு வகை இருக்கிறது. நான்கையும் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆடி முடிக்கும்வரை அது வைத்த இடத்திலேயே நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதுவும் மதுரை வெயிலில், நம் வியர்வையில்.

எனக்கு அடிபட்டது 2022 பொங்கலுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் நடந்த வாலிபால் போட்டியில். பிளாக்குக்கு எகிறி இறங்கும்போது, வலைக்கு அடியில் நீண்டிருந்த எதிரணிக்காரர் பாதத்தின் மேல் இடது கால் இறங்கியது. முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து 'டப்' என்று ஒரு சத்தம். ராத்திரிக்குள் மூட்டு வீங்கி மடக்க முடியாமல் போனது. ஸ்கேனில் ஏசிஎல் என்ற முழங்கால் ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது, உள்பக்கத்து ஜவ்வான எம்சிஎல் பாதி கிழிந்திருந்தது. வீக்கம் வடிந்து கால் நன்றாக மடங்க ஆரம்பித்த பிறகு, மார்ச் மாதம் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்துப் புது ஏசிஎல் வைத்தார்கள். எம்சிஎல்லுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை, தானாக ஆறியது.

இந்த இரண்டு ஜவ்வுக்கும் வேலை வேறு வேறு. கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் திருகாமலும் பிடித்து வைப்பது ஏசிஎல். முட்டி உள்பக்கம் சாயாமல் தாங்குவது எம்சிஎல். இரண்டு பக்கமும் கம்பியும் கீலும் வைத்த பிரேஸ் பக்கவாட்டுச் சாய்வை நன்றாகத் தடுக்கும். ஆகவே எம்சிஎல் அடிபட்டவருக்கு அதனால் நேரடிப் பயன் உண்டு. ஏசிஎல் விஷயம் அப்படியில்லை. நடக்கிற அளவு பாரத்தில் எலும்பு முன்னால் நகர்வதைப் பிரேஸ் ஓரளவு குறைக்கும். எகிறி இறங்கும் பாரத்தில் அதன் பிடி போதாது. ஏசிஎல் ஆபரேஷன் செய்தவர்கள் பிரேஸ் போட்டால் மறுபடி கிழிவது குறையும் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவும் இல்லை.

காலம் தள்ளிப்போட்டால் குறையும் என்பதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. 2016இல் வந்த ஒரு நார்வே-அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. என் பிசியோ இதை ஒரே வரியில் சொல்வார்: "தம்பி, காலைக் காப்பாத்துறது தொடைச் சதைதான். பட்டை அதுக்குத் துணை, அவ்வளவுதான்." ஆறாம் மாதத்திலேயே பிரேஸை மாட்டிக்கொண்டு ஆட இறங்க நினைக்கும் தம்பிகள் தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

கம்பி எதுவும் இல்லாத வெறும் குழாய் வகை 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கும். மூட்டைச் சூடாக வைத்திருக்கும், லேசாக அழுத்திப் பிடிக்கும். கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் அதைப் போட்டால் கொஞ்சம் கூடுகிறது. நாலாம் மாதத்திலிருந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்கவும் பிறகு மெதுவாக ஓடவும் எனக்கு அது போதுமாக இருந்தது. ஜவ்வைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது. வேறு எதையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு கோடியில் இருப்பது முழுச் சட்டம் வகை. அலுமினியம் அல்லது கார்பன் சட்டம், நாலைந்து வார், நடுவில் பல்சக்கரம் வைத்த கீல். முழங்கால் வெறும் கதவுக் கீல் மாதிரி மடங்குவதில்லை, உருண்டும் வழுக்கியும் மடங்குகிறது. அந்தப் போக்கைப் பின்பற்றத்தான் கீலில் இரட்டைச் சக்கரம் வைக்கிறார்கள். கால் முழுதாக நீண்டு பின்னால் வளையாதபடி பத்து டிகிரியில் நிறுத்தும் கட்டையும் செருகிக்கொள்ளலாம். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் சித்தி மகன் கால்பந்து ஆடுகிறவன், அவனிடம் வெளிநாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று மாலை அதை வாங்கிப் போட்டு ஆடினேன். பிடி பிரமாதம், நழுவவே இல்லை. ஆனால் அது அவன் காலுக்கு அளவெடுத்தது, எனக்கு மூன்று நாள்தான் பழக்கம், ஆகவே அதன் நீண்டகாலக் குறைகளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை. விலை பல மடங்கு. அதோடு கால்பந்து விதிகளில் நாலாவது விதி, மென்மையான, எடை குறைந்த, பஞ்சு வைத்த முழங்கால் காப்புகளைத்தான் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. உலோகச் சட்டம் நடுவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். கபடி ஆடுகிறவர்கள் எதை வாங்குவதற்கு முன்னும் பயிற்சியாளரிடமும் நடுவரிடமும் கேட்டுவிடுங்கள். பிடிக்க வருகிறவர் முகத்திலும் விரலிலும் அந்தக் கம்பி படும்.

பெரும்பாலோருக்கு உண்மையான போட்டி நடுவில் இருக்கும் இரண்டுக்கும்தான். இரண்டிலும் துணி, இரண்டிலும் பக்கத்துக்கு ஒரு கம்பி, கீல். ஒன்றைச் சாக்ஸ் மாதிரி பாதத்தில் நுழைத்து இழுத்து மாட்ட வேண்டும். மற்றதைத் துண்டு மாதிரி விரித்துக் காலைச் சுற்றிக் கட்டி வெல்க்ரோ ஒட்ட வேண்டும். விலையில் 300, 400 ரூபாய் வித்தியாசம்.

நான் முதலில் வாங்கியது இழுத்து மாட்டுவது. பெரியாஸ்பத்திரிக்கு எதிரே பனகல் சாலையில் இருக்கும் சர்ஜிகல் கடைகளில் ஒன்றில், பேண்ட்டுக்கு மேலேயே அதுவும் நல்ல காலை அளந்து ஒரு சைஸ் கொடுத்தார்கள். நானும் வாங்கி வந்துவிட்டேன். பிசியோவிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு தொடையையும் அளந்தீங்களா?" சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே டேப் வைத்து அளந்தார். வலது 50, இடது 46. ஆபரேஷன் முடிந்த காலில் தொடைச் சதை அப்படிக் கரைந்துவிடுகிறது. 50க்கு வாங்கிய குழாய் 46இல் எப்படி நிற்கும்? அதைவிட ஒரு சைஸ் குறைத்து இன்னொன்று வாங்கினேன். நின்றது. ஆனால் சதை ஏற ஏற இறுக ஆரம்பித்தது. இடது தொடை 49 ஆனபோது, ஒரு மேட்ச் முடிவதற்குள் முட்டிக்குப் பின்னால் தோல் சிவந்து, பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனது. முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது, இறுக்கம் அதை அழுத்தினால் இப்படி ஆகும். அப்படி மரத்தால் உடனே கழற்றிவிட வேண்டும், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி.

ஆக அந்த வகையில் என் காலுக்குப் பொருத்தமான சைஸ் ஒன்று இருந்தது, ஆனால் இரண்டு மாதத்துக்குத்தான்.

சுற்றிக் கட்டுவதில் இந்தச் சிக்கல் இல்லை. 46க்கும் கட்டலாம், 50க்கும் கட்டலாம். ஆனால் நான் இதன் பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணம் வேறு. தொடை மேலே தடித்துக் கீழே ஒடுங்குவது. அதில் எதைக் கட்டினாலும் கீழே இறங்கத்தான் பார்க்கும். வியர்வை வழவழப்பைச் சேர்க்கும், ஒவ்வொரு முறை குந்தி எழும்போதும் கால் அதைக் கொஞ்சம் கீழே தள்ளும். முட்டிக்குக் கீழே, கெண்டைச் சதை புடைக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, கால் மறுபடி ஒடுங்குகிறது. பிரேஸ் தொங்காமல் நிற்பது அந்த ஒரு விரல் அகல ஒடுக்கத்தில்தான். இழுத்து மாட்டும் வகையில் அங்கே தனி வார் இருந்தாலும் துணி முழுதும் ஒரே இழுப்பாக இருப்பதால் அந்த இடத்தை மட்டும் இறுக்க முடியாது. சுற்றிக் கட்டுவதில் முடியும்.

கட்டும் முறை இதுதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். கீலின் நடு, சில்லின் நடுவுக்கு நேராக, பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கட்டும். முதலில் அந்தக் கெண்டைக்கு மேல் வார். அப்புறம் முட்டிக்கு உடனே மேலே இருக்கும் வார். அப்புறம் மீதி. நான் பல வாரம் தொடை வாரை முதலில் இறுக்கிக்கொண்டிருந்தேன், அப்போது இதுவும் இறங்கத்தான் செய்தது. வரிசையை மாற்றிய பிறகு ஐந்து செட் ஆடினாலும் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை. செட் இடைவெளியில் உட்கார்ந்தபடியே அவிழ்த்துக் கட்டவும் முடிகிறது. இழுத்து மாட்டுவதாக இருந்தால் ஷூவைக் கழற்றாமல் அது நடக்காது.

இடம் மாறுவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், கீல் மூட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கால் ஓரிடத்தில் மடங்கும், கம்பி வேறிடத்தில் மடங்கும். அப்போது பிரேஸ் தாங்குவது போய்க் காலோடு மல்லுக்கு நிற்கும். அதுவே போடாமல் ஆடுவதைவிட மோசம் என்று எனக்குப் படுகிறது.

துணியைப் பற்றி ஒன்று. கடையில் பெரும்பாலும் நியோப்ரீன்தான் இருக்கும். அது 1930களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி கண்டுபிடித்த செயற்கை ரப்பர். குளிர்ந்த கடலில் முக்குளிப்பவர்கள் உடல் சூடு போகாமல் இருக்கப் போடும் உடை அதில்தான் தைக்கிறார்கள். சித்திரை மாத மாலையில் செம்மண் களத்தில் அதைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடினால் உள்ளே வியர்வை குளமாக நிற்கும். சிலருக்கு அந்த ரப்பரில் சேர்க்கும் ரசாயனத்தாலேயே தோல் தடித்து அரிக்கும். ஓட்டை போட்ட நியோப்ரீன் கொஞ்சம் பரவாயில்லை. காற்றுப் போகும் வலைத்துணி அதைவிட நல்லது, நான் வைத்திருப்பது அதுதான். உள்ளே மெல்லிய பருத்திக் குழாய்த் துணி ஒன்று போட்டுக்கொள்கிறேன், வியர்வையை அது குடித்துக்கொள்ளும், பிரேஸும் வழுக்காது.

சுற்றிக் கட்டும் வகையின் குறை வெல்க்ரோ. புழுதியும் சாக்ஸ் நூலும் கொக்கிகளில் அடைந்து எட்டு மாதத்தில் ஒட்டுவது பாதியாகிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷால் வாரம் ஒரு முறை தேய்த்தால் நாள் வரும். துவைக்கும்போது கம்பிகளைப் பையிலிருந்து உருவிவிட்டு, வெல்க்ரோவை மூடி ஒட்டிவிட்டு, கையால் சோப்பு போட்டு அலசி, பிழியாமல் நிழலில் போட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் ரப்பர் விறைத்து வெடிக்கும். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், களத்துப் புழுதி முழுதும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கெண்டை வாரில் வெல்க்ரோ முழுதாகப் போனபோது திருமங்கலத்தில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். புது வெல்க்ரோ வைத்து 60 ரூபாய்க்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார், கம்பெனித் தையலைவிட அழுத்தமாக. இழுத்து மாட்டுவதில் துணி ஒரு முறை தளர்ந்துவிட்டால் தைத்துச் சரிசெய்ய எதுவும் இல்லை. என்னுடைய முதல் இரண்டும் அப்படித்தான் பீரோவுக்கு அடியில் கிடக்கின்றன.

இப்போது இடது தொடை 49.5. பயிற்சிக்கு வெறும் காலோடு இறங்குகிறேன், போட்டிக்கு மட்டும் கட்டுகிறேன். டேப் எப்போதும் கிட்பேக்கில் இருக்கிறது. புதிதாக யாராவது பிரேஸ் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் முதலில் அதை எடுத்து அவர்கள் இரண்டு தொடையையும் அளந்துவிடுகிறேன்.