உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு பூந்தொட்டி: செம்பருத்தியா, காகிதப்பூவா?

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று ராமநாதபுரம் மாவட்டக் கரையோரம் எங்கே போனாலும் வாசல் தொட்டிக்கு முதலில் நினைவுக்கு வருபவை இந்த இரண்டு செடிகள்தான். இரண்டும் குச்சியிலிருந்து வரும், இரண்டுக்கும் ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும், இரண்டும் ஆண்டு முழுக்கப் பூக்கும். சாமிக்கு வைக்கவும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் செம்பருத்தி உதவும். காகிதப்பூவுக்கு அப்படி ஒரு பயனும் இல்லை, முள் வேறு. இவ்வளவுதான் கணக்கு என்றால் செம்பருத்தியே போதும். ஆனாலும் நாங்கள் வாசலில் வைத்திருப்பது காகிதப்பூ. காரணம் தண்ணீர்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீரைச் செடி உறிஞ்சிக்கொள்ளும், வெயிலும் குடித்துவிடும். உப்பு மட்டும் மண்ணில் தங்கும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, மீட்டரில் 1000 காட்டும் போர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருக்கிறது. 12 அங்குலத் தொட்டியில் இருக்கும் செம்பருத்தி சித்திரை வெயிலில் நாளுக்கு இரண்டு லிட்டர் கேட்கும். அடியில் வடிந்து போகாவிட்டால் ஒரு மாதத்தில் 60 கிராம் உப்பு அந்தத் தொட்டிக்குள் சேர்ந்துவிடும். காகிதப்பூ மண் காய்ந்த பிறகு குடிக்கிற செடி. மூன்று நாளுக்கு ஒருமுறை அதே இரண்டு லிட்டர் போதும். மாதம் 20 கிராம். உப்பைத் தாங்கும் சக்தியும் அதற்குக் கூடுதல். இரண்டும் சேர்ந்துதான் இங்கே அதைக் காப்பாற்றுகின்றன.

உப்பேறிய செம்பருத்தியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். முதிர்ந்த இலையின் நுனி காபிக்கொட்டை நிறத்தில் காய்ந்து, அந்தக் காய்ச்சல் ஓரம் வழியாக உள்ளே ஏறும். மொட்டு விரலால் தொட்டாலே காம்போடு கழன்று விழும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது வேறு கோளாறு. சுண்ணாம்புத் தன்மையுள்ள தண்ணீர் இரும்புச் சத்தை வேருக்குக் கிடைக்காமல் பூட்டிவிடுகிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் புது இலை தேறும். ஆனால் தண்ணீர் மாறாத வரை திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கும்.

பாசனத்துக்கு டிடிஎஸ் 450-க்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. இடையில் இருக்கிற வீடுகளில் செம்பருத்தி வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை உப்பைக் கழுவி இறக்கியே ஆக வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீர், அதாவது 15 லிட்டர் தொட்டிக்கு இரண்டு குடம், மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே முழுக்க வடியவிட வேண்டும். காவிரிக் குடிநீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருவில் மாதம் இரண்டு குடத்தைச் செடிக்குக் கொட்ட யாருக்கு மனசு வரும்? காகிதப்பூவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையே ஒரு முறையைப் பார்த்துக்கொள்ளும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, பிடித்து வைத்து ஊற்றலாம். குடிநீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் உப்பு மிகுந்த தண்ணீரை மட்டும் எந்தத் தொட்டிக்கும் ஊற்றாதீர்கள்.

தொட்டி மாற்றும் வேலையில் செம்பருத்திக்குத்தான் சௌகரியம். வேரில் கால் பங்கை வெட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, பத்து நாள் நிழலில் வைத்தால் துளிர்த்துவிடும். காகிதப்பூவின் வேர் நூல் மாதிரி, தொட்டால் அறும். செடியைத் தண்டைப் பிடித்து இழுத்தால் மண் உதிர்ந்து வேரும் போய், பத்தே நாளில் இலை முழுக்கக் கொட்டிவிடும். அதனால் மாற்றுவதற்கு முதல் நாள் லேசாக ஈரப்படுத்துங்கள். நாற்றுப் பை என்றால் அடியையும் பக்கத்தையும் பிளேடால் கீறி, மண்ணுருண்டையை இரண்டு கையாலும் தாங்கி அப்படியே இறக்குங்கள். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டும் பெரிதாக இருக்கட்டும். வேர் நெருக்கமாக இருந்தால்தான் நிறம் கட்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், செம்பருத்திக்கோ வருடம் தோறும். மாற்றுவதற்கு ஏற்ற காலம் தை கடைசி முதல் மாசி வரை.

கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாண எரு. கடற்கரை மணல் ஆகவே ஆகாது, உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் அதில் கூடவே வரும். இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை; நெல்லிக்காய் அளவில் உடைத்து அடியில் இரண்டு கை போட்டால் துளை அடைக்காது. செம்பருத்திக்குத் தென்னை நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழியுங்கள், அதிலும் உப்பு உண்டு.

காகிதப்பூ இலையாகவே தழைத்து நிறம் வராமல் நின்றால் உரமும் தண்ணீரும் அதிகம் என்று அர்த்தம். பூத்து முடிந்த கிளையை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, இலை லேசாகத் துவளும் வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு ஊற்றுங்கள். இப்படி மூன்று வாரம் செய்தால் புதுத் துளிரில் நிறம் ஏறும். கிளை நுனியில் நிறமாகத் தெரிவது பூவை ஒட்டிய இலைதான்; நடுவில் வெள்ளையாகச் சின்னதாக இருப்பதே பூ. மாவுப்பூச்சித் தொல்லை செம்பருத்திக்குத்தான் அதிகம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, வாரம் ஒருமுறை. எறும்பை விரட்டாமல் பூச்சி போகாது.

காற்றையும் பார்க்க வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடையில் பாக் நீரிணைப் பக்கமும் உப்புச் சாரலை வாரி இறைக்கும். செம்பருத்தித் தொட்டியைச் சுவருக்கு மறுபக்கம் நகர்த்துங்கள், அல்லது பனையோலைத் தட்டி கட்டுங்கள். காகிதப்பூவுக்கு நீளக் கொம்புகளைக் கழித்துவிட்டால் போதும், இல்லாவிட்டால் தொட்டியே சாயும்.

இதெல்லாம் ஒற்றை இதழ்ச் சிவப்புச் செம்பருத்தியையும் சாதாரண ஊதாக் காகிதப்பூவையும் வைத்துச் சொல்வது. ஒட்டுக்கட்டிய பல நிற வகைகளுக்கு இதே தாக்குப்பிடிப்பை எதிர்பார்க்காதீர்கள். தங்கச்சிமடம் மாதிரி நல்ல தண்ணீர் ஊறும் மணற்பாங்கில் வீடு இருந்தால் தயங்காமல் செம்பருத்தியை வையுங்கள். மற்றவர்கள் செடி வாங்கப் போகும் முன் வீட்டு போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், முக்கியமாகத் தண்ணீர் கீழே இறங்கிக் கிடக்கும் ஆனி மாதத்தில்.